துடக்கு வீட்டில் லைன் பழுது

துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உள்ள வீட்டில் இணைய லைன் பழுதானால் என்ன செய்வது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. மச்சம், மாமிசம் சமைக்கக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, சாமி அறைக்குள் கால் வைக்கக்கூடாது. இவ்வளவும் எங்களுக்கு மனப்பாடம். அந்தச் சாமி அறைக்குள்ளேயே ரவுட்டர் பெட்டி இருந்தால் என்ன செய்வது? அதற்கு நானேதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த வழியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கணவரின் சித்தப்பா மகன் ஒருவர் பாரிஸில் காலமானார். இருபது வருடமாக எங்களுடன் ஒரு கோல் எடுத்துக் கதைத்தவர் இல்லை. உயிரோடு இருந்தபோது வராத உறவு செத்த பிறகு வந்தது. பங்காளி பங்காளிதானே. அவர் மூச்சை விட்டது பாரிஸில், துடக்கு வந்து இறங்கியது எங்கள் பண்டத்தரிப்பில். முப்பத்தொரு நாளைக்குச் சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டோம். விளக்கு இல்லை, பூ இல்லை. பெட்டியின் சின்ன வெளிச்சங்கள் மட்டும் படங்களுக்குக் கீழே மினுங்கிக்கொண்டிருந்தன.

பெட்டி அங்கே போனதும் என் யோசனைதான். லைன் இழுத்த நாளில், திருவிழாக் காலத்தில் மின்குமிழ் மாலை கொளுவுகிற பிளக் ஒன்று அந்த அறையில் சும்மா கிடந்தது. வயரும் அந்தச் சுவர்ப் பக்கமாகத்தான் வந்தது. "படிப்புக்கான சாமான், சரஸ்வதிக்குக் கிட்ட இருக்கட்டும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். லைன் இழுக்க வந்தவரும் சிரித்தார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். ஊர் வாயை மூட உலை மூடி இல்லை என்பார்களே, அது சரி. சந்தைக்குப் போனாலும் கேள்வி, சவ வீட்டுக்குப் போனாலும் கேள்வி. "பிள்ளை இப்ப என்ன செய்யுது?" என்று தொடங்கி, "கனடாவிலை ஒரு நல்ல இடம் இருக்கு" என்று முடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கனடாவுக்கு அனுப்பிவிட்டு, பிறகு பேரப்பிள்ளையைப் போன் கண்ணாடிக்குள் பார்த்து முத்தம் கொடுக்கவா நான் பெற்றேன்?

அப்போதுதான் கொழும்பில் ஒரு கொம்பனி அவளை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. வேலையைக் கொழும்பு அலுவலகத்திலும் செய்யலாம், வீட்டில் இருந்தபடியும் செய்யலாம். வீட்டில் இருந்து செய்வதென்றால் வயர் லைன் வேண்டும், அதுவும் நல்ல வேகத்தில். நேர்முகப் பரீட்சையும் கணினியில்தான், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்றைக்கே லைனின் வேகத்தையும் அவர்கள் அளந்து பார்ப்பார்களாம்.

அவள் அதைச் சொன்ன நேரம் தொட்டு எனக்குக் கால் நிலத்தில் இல்லை. அவள் தன் அறை மேசையில் இருந்து வேலை செய்வாள். பதினொரு மணிக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன். என் ஆசை அவ்வளவுதான். பிள்ளை வீட்டோடு இருக்கவேண்டும். அதைக் கேட்கத் தாய்க்கு உரிமை இல்லையா?

அந்தக் கிழமை பார்த்துத்தான் லைன் படுத்தது. அறவே நின்றாலும் பரவாயில்லை, நிற்கவும் இல்லை. ஊர்ந்தது. சிநேகிதி ஒருத்தியுடன் கணினியில் கதைத்துப் பழகிப் பார்த்தாள் பிள்ளை. சிநேகிதியின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றது. குரல் மட்டும் பிறகு விட்டு விட்டு வந்தது. பிள்ளை கதிரையை விட்டு எழும்பி வயரைக் கழற்றிப் பூட்டினாள். வேறு வயர் வாங்கி வந்து, தன் அறைச் சுவர்ப் பிளக்கில் இருந்து கணினி வரைக்கும் மாற்றினாள். அணில் கடித்திருக்குமோ என்று இவர், என் கணவர், ஏணி வைத்து ஏறிச் சிலிங்குக்கு மேலே ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அணில் பாவம், அந்தப் பக்கமே வரவில்லை.

கேட்ட எல்லாரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள். "பெட்டியை ஒருக்கால் நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ." நிறுத்துவது எப்படி? சுவிச் சாமி அறைக்குள். இவர் யோசித்தார். இவர் யோசித்தால் எனக்குப் பயம். வெளியே போய் வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்தினார். குளிர்சாதனப் பெட்டி முக்கி முனகி அடங்கியது, மின்விசிறி நின்றது, மோட்டரும் நின்றது, குளியலறையில் சவர்க்காரத்தோடு நின்ற நான் கத்தினேன். பத்து வரை எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டார். ஒரு பெட்டியை நிறுத்த ஒரு வீட்டையே நிறுத்தினோம். ஒரு நாளைக்கு நாலு தரம். பிள்ளை ஒவ்வொரு தரமும் சாமி அறை வாசல்படிக்கு வெளியே நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, பெட்டியில் எத்தனை வெளிச்சம் எரிகிறது என்று பார்த்துச் சொல்லுவாள்.

"அப்பா, நான் ஒருக்கால் உள்ளை போட்டு வாறனே? ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டாள்.

"முப்பத்தொண்டு முடிய இன்னும் ஆறு நாள்தானே பிள்ளை," என்றார் இவர். இவர் சாது. ஆனால் சாஸ்திரம் என்று வந்தால் கல்லு.

"இன்ரவியூ வியாழக்கிழமை அப்பா. முப்பத்தொண்டு ஞாயிற்றுக்கிழமை."

இவர் மெயின் சுவிச்சை நிறுத்த மறுபடி வெளியே போனார்.

லைன் கொடுத்த இடத்துக்கு நானே கோல் எடுத்தேன். நாலு தரம் எடுத்து, நாலாம் தரம் அழுகிற குரலில் கதைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரை. செருப்பை வாசலில் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து ஓரமாக வைத்தார். முதலில் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்தது. அவர் ஒன்றையும் ஊகிக்கவில்லை. றோட்டில் உள்ள கம்பத்தில் ஏறி, கையில் இருந்த சின்ன மீற்றரை வைத்துப் பார்த்தார். "கம்பம் வரைக்கும் வடிவா வருது," என்றார். பிறகு கணினிக்கு வந்து வேகத்தை அளந்தார், குறைவு. வயரைக் கழற்றிவிட்டுத் தன் போனில் வயர் இல்லாமலே அளந்தார், அதுவும் குறைவு.

"கொம்பியூட்டரிலை பிழை இல்லைத் தங்கச்சி. இந்த வயரிலும் இல்லை. கம்பத்திலும் இல்லை. அப்ப மிச்சம் என்ன?" என்று பிள்ளையைக் கேட்டார்.

"பெட்டி இருக்கிற இடம்," என்றாள் பிள்ளை.

"ஓம். வெளியிலை இருந்து வாற பைபர் வயர் பெட்டியிலை பொருந்துற இடம். சாம்பிராணிப் புகையும் விபூதித் தூளும் போய்ப் பிடிச்சிருக்கும். இல்லாட்டி மடிஞ்சிருக்கும். துடைச்சுத் திருப்பிப் பொருத்தினால் சரி. கால் மணித்தியால வேலை."

எனக்கு அவரைக் கும்பிடலாம் போல் இருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு நாளைக்கு முன்னமே எல்லாம் சரி. நான் கொடுத்த தேத்தண்ணியை அவர் நின்றபடியே குடித்து முடித்தார். கோப்பையை என் கையில் தராமல், தானே கொண்டுபோய்க் குசினி வாசலில் வைத்தார். பிறகு கருவிகளை எடுத்துக்கொண்டு சாமி அறை வாசலுக்குப் போய், அங்கே நின்றார்.

"உள்ளை போகலாமோ அம்மா?"

போங்கோ தம்பி என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டு சொல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தம்பி எந்த இடம்?"

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர் கேட்டால் ஒரு சாதாரண விசாரிப்பு என்று நினைப்பார்கள். இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் ஊரைச் சொன்னார். பெரிய ஊர், எல்லாச் சாதி ஆட்களும் இருக்கிற ஊர்.

"அங்கை எந்தப் பக்கம்?"

அவர் பக்கத்தைச் சொன்னார்.

"கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"அங்காலை," என்றார். என் முகத்தைப் பார்த்தபடிதான் சொன்னார். மறைக்கவில்லை, குனியவும் இல்லை. மூன்று கேள்வியும் இந்த ஒழுங்கில்தான் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வீட்டு வாசலில் கேட்டிருப்பாரோ. அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் என்னைப்போல் கணக்குப் பார்க்கத் தொடங்குவீர்கள்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவர்க் கலண்டரைப் பார்த்தார்.

"துடக்கு வீடு தம்பி," என்றேன். "சாமி அறை பூட்டிக் கிடக்கு. இப்ப ஒருத்தரும் போகேலாது."

"துடக்கு உங்களுக்கெல்லோ அம்மா," என்றார் அவர், மெதுவாக. "எனக்கில்லையே."

உண்மைதான், துடக்கு எங்களுக்கு. அவரைப்போல் ஒரு வெளியாள் உள்ளே போவதை எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை. சொல்லப்போனால் அந்த வீட்டில் அந்த நேரம் சாமி அறைக்குள் போகத் தகுதியான ஒரே ஆள் அவர்தான்.

"அம்மா, அந்த அண்ணையை உள்ளை விடுங்கோ," என்றாள் பிள்ளை.

"நீ சும்மா இரு," என்றேன். பிறகு அவரிடம், "முப்பத்தொண்டு கழிய வாங்கோ தம்பி. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், ஆளைக் கெட்டவன் என்று சொல்லித் தப்பியிருப்பேன். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்தார். வேலைப் படிவத்தை எடுத்தார். வேலை ஏன் முடியவில்லை என்று எழுதுவதற்கு அதில் ஒரு இடம் இருக்கிறது. அவர் அதில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன், கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். "வாடிக்கையாளர் வேறு நாள் கேட்டார்" என்று எழுதியிருந்தது. என் மானத்தை அவர் காப்பாற்றி வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

"தங்கச்சி, வியாழக்கிழமைக்கு இந்த லைனை நம்பாதையுங்கோ. வேறை எங்கையும் ஒழுங்கு செய்யுங்கோ. அப்ப நான் போட்டு வாறன்," என்று பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டார்.

அவர் போன பிறகு ஒரு மணித்தியாலம் நான் நல்ல நல்ல நியாயம் எல்லாம் கதைத்தேன். சாமி விஷயம், விளையாட்டில்லை. இவரின் தமக்கைமார் அறிந்தால் என்ன கதை வரும்? நான் தனிப்பட ஒருத்தரையும் வித்தியாசமாகப் பார்க்கிறவள் இல்லை, தேத்தண்ணி எங்கள் கோப்பையில்தானே கொடுத்தேன்? இவர் "ம்" கொட்டினார். பிள்ளை தன் அறையில் இருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் "இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தவள். சாமி அறை வாசல் வரைக்கும் ஒருவரும் பார்ப்பதில்லை.

நான் பிறகு செய்ததுதான் உச்சம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. புதன்கிழமை காலை என் அக்காவின் மகனைக் கூப்பிட்டேன். அவனுக்கும் நாற்பது வயது, வீடுகளுக்கு மின்சார வயரிங் செய்கிறவன். என் பக்கத்துச் சொந்தம் என்பதால் அவனுக்குத் துடக்கு இல்லை. எங்கள் ஆள் என்பதால் வேறு தடையும் இல்லை. பைபர் வயரை அவன் அதுவரை கையால் தொட்டதில்லை என்பது மட்டும்தான் குறை. அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.

"உதென்ன பெரிய வேலை சித்தி, வயர் எண்டால் வயர்தானே," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாமி அறைக்குள் போனான். கேள்வி இல்லை, படிவம் இல்லை, வாசலில் நின்று அனுமதி கேட்கவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் வாசல்படிக்கு வெளியே வரிசையாக நின்று பார்த்தோம். பொருத்தைக் கழற்றினான். ஊதினான். கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்தான். திரும்பப் பூட்டும்போது வயர் கொஞ்சம் குறைந்தது போல் இருந்ததாம், இழுத்தான். உள்ளே இருக்கிற கண்ணாடி இழை தலைமயிரை விட மெல்லியது. அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"சிவப்பு லைற் எரியுது," என்றாள் பிள்ளை.

"அது வந்திடும், எப்பன் பொறு," என்று கறுப்பு ரேப்பை எடுத்து அந்த இடத்தில் நாலு சுற்றுச் சுற்றினான். சிவப்பு அணையவில்லை. இவர் ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்திப் போட்டார். அணையவில்லை. அதுவரை ஊர்ந்துகொண்டாவது இருந்த லைன் ஒரேயடியாகச் செத்தது.

எங்கள் ஆள் மத்தியானச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே பிள்ளை வெளிக்கிட்டுவிட்டாள். யாழ்ப்பாணத்தில் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் இருந்து செய்வதாகச் சொன்னாள். இடியப்பம் அவித்து வைத்திருந்தேன். வேண்டாம் என்றாள். "எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று சொல்லி அவள் தலையில் கை வைத்தேன். அவள் தலையை இழுக்கவில்லை, ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை. பத்து மணி தொட்டு நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். துடக்கு வீட்டில் நேர்த்திக்கடன் வைக்கலாமா என்று தெரியவில்லை. மனதுக்குள் வைத்தேன்.

மூன்று மணிக்கு வந்தாள். கால் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"எப்பிடிப் பிள்ளை?"

"கிடைச்சிட்டுது. அப்பவே சொல்லிட்டினம்."

நான் அழுதுவிட்டேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்ததாக நான் கேட்டது லைனைப் பற்றி.

"லைனை அளக்கேலாமல் போச்சே. என்ன சொன்னவை?"

"பிறகு அளக்கலாமாம். ரெண்டு கிழமை தாறம் எண்டவை."

"அப்ப சரிதானே. ஞாயிறு முப்பத்தொண்டு முடியுது. திங்கள் ஆளைக் கூப்பிட்டு..."

"நான் வேண்டாமெண்டு சொல்லிட்டன் அம்மா. கொழும்பு ஒஃபீசுக்கு வாறன் எண்டு சொன்னனான். வாற திங்கள் போறன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "விசர்க்கதை கதையாதை," என்றேன். "லைனைத் திருத்தலாம். உதுக்குப் போய்க் கொழும்புக்கோ?"

"லைனைத் திருத்தலாம்," என்றாள். குரல் உயரவில்லை. "அந்த அண்ணையை நீங்கள் ஒவ்வொண்டாக் கேக்கக் கேக்க நான் பக்கத்திலை நிண்டனான். அவர் எனக்கு உதவி செய்ய வந்தவர். அப்பா கலண்டரைப் பாத்துக்கொண்டு நிண்டவர். எனக்கு உங்களோடை இருக்க வெக்கமாயிருக்கம்மா. நாளைக்கு நான் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த வாசல்லை நிண்டாலும் நீங்கள் இதைத்தான் கேப்பியள்."

ஒரு தாய் இந்த இடத்தில் என்ன சொல்லவேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். பத்து விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு பிள்ளை என்று சொல்லலாம். யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் கேட்கமாட்டேன் என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். அன்றைக்கு எனக்கு அவள் சொன்னதில் ஒரு துண்டு மட்டும்தான் காதில் விழுந்தது. ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தால், என்றாளே. அப்படியென்றால் யாரோ இருக்கிறார்கள்.

"ஆர் பெடியன்?" என்று கேட்டேன். "எந்த இடம்?"

கேட்டுவிட்டுத்தான் எனக்கே கேட்டது. இவர் "இஞ்சரும்" என்று என்னைத் தடுக்கப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தரம், அதுவும் பிந்தி.

பிள்ளை எழும்பித் தன் அறைக்குப் போய், அலுமாரியைத் திறந்து உடுப்புகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கத் தொடங்கினாள். அப்படி ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று அவள் இன்று வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.